மடிப்பில் மறைந்த பொருக்கு: யாழ்ப்பாணத்தில் உண்ணிக் காய்ச்சலை இனங்காண்பதும் பராமரிப்பதும்



மறைந்த ஒருவரின் நினைவாக நடைபெறும் சொற்பொழிவில் பேச வருபவர், அவர் வாழ்ந்த மண்ணுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதனால்தான் இந்த மண்ணிலேயே, நம் வளவு வேலியோரத்திலேயே குடியிருக்கும் ஒரு நோயை இன்று எடுத்துக்கொண்டேன். மக்கள் அதை உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். மருத்துவ நூல்களில் அதன் பெயர் ஸ்க்ரப் டைபஸ். பற்றைக் காட்டுக் காய்ச்சல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

ஒரு மாரிக்காலக் காய்ச்சல்

பல நோயாளரின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு தாயின் கதையாகச் சொல்கிறேன். வலிகாமத்தில் ஒரு கிராமம். மார்கழி மாதம். ஆட்டுக்குக் குழை முறிக்க, நெடுங்காலம் ஆளில்லாமல் கிடக்கும் பக்கத்து வளவுக்குள் அவர் நாள்தோறும் போய்வருகிறார். ஒருநாள் மாலை குளிர்ந்து காய்ச்சல் வருகிறது. தலை இடிக்கிறது, உடம்பெல்லாம் உளைகிறது. மழையில் நனைந்ததுதான் காரணம் என்று கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறார், பனடோல் போடுகிறார். மூன்றாம் நாள் சந்தியிலுள்ள டிஸ்பென்சரியில் அமொக்ஸிசிலின் வாங்குகிறார். ஐந்தாம் நாள் குருதிப் பரிசோதனை செய்கிறார்கள். குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருக்கின்றன. டெங்குவாக இருக்கலாம் என்கிறார்கள். எட்டாம் நாள் மூச்சு வாங்குகிறது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே ஒரு தாதி அவருக்கு உடை மாற்றுகையில் அக்குளின் மடிப்பில் ஒரு சிறு கரிய பொருக்கைக் காண்கிறார். சிகரெட் நுனியால் சுட்டது போன்ற வடு. வலியில்லை, அரிப்பில்லை. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது. எவரும் அக்குளைப் பார்க்கவில்லை.

இன்று நான் சொல்ல வந்த செய்தி இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. இந்த நோயைக் கண்டுபிடிக்கும் வேலை ஆய்வுகூடத்துக்கு முன்பே, ஒரு கேள்வியிலும் ஒரு பார்வையிலும் தொடங்கிவிடுகிறது. "காடு பற்றைக்குள் போனீர்களா, அம்மா?" என்பது அந்தக் கேள்வி. உடையின் மறைவிலுள்ள மடிப்புகளைத் தேடுவது அந்தப் பார்வை.

நோயின் இயல்பு

ஒறியென்சியா சுட்சுகமுசி என்ற பக்ரீரியா இந்த நோயை உண்டாக்குகிறது. பெயரின் பின்பாதி யப்பானியச் சொல். கேடு விளைக்கும் பூச்சி என்பது அதன் பொருள். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் ஆறுகால் இளம்பருவம், புல்நுனியிலும் சருகிலும் காத்திருக்கும். எலி, அகழான் போன்ற கொறிப்பான்களே அதற்கு வழக்கமான இரை. மனிதர் அவ்வழியே போனால் அவர் மேலும் ஏறிக்கொள்ளும். வாழ்நாளில் அந்தப் பருவத்தில் ஒரே ஒருமுறைதான் அது உடற்சாற்றை உண்கிறது. ஆனால் கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. அதாவது உண்ணியே நோயைக் கடத்துகிறது, உண்ணியே அதைச் சேமித்தும் வைக்கிறது. ஒரு பற்றையில் குடிகொண்ட நோய் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

கடித்து ஏறத்தாழ ஆறு முதல் இருபத்தொரு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். ஒருவரிலிருந்து மற்றவருக்கு இது தொற்றாது. முதல் வாரத்தில் இதற்கென்று தனி முகம் கிடையாது. தலையிடி, உடல் உளைவு, நெறிகட்டுதல், சிலரில் தோலில் செம்மை. இரண்டாம் வாரத்தில் கிருமி நுண் குருதிக்குழாய்களின் உட்சுவரைத் தாக்கித் தன் கைவரிசையைக் காட்டுகிறது. நுரையீரல் நீர்கோத்து மூச்சுத் திணறும், சிறுநீரகம் சோரும், இதயத் தசை அழலும், மூளையுறையும் மூளையும் தாக்குண்டு மயக்கமும் வலிப்பும் வரும். திடீரென்று காது கேளாமல் போவதும் உண்டு. இந்த அறிகுறியை மருத்துவ உலகுக்கு 2006இல் மீண்டும் நினைவூட்டியவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்களே. களனிப் பல்கலைக்கழகத்தின் ரஞ்சன் பிரேமரத்ன குழுவினர் அதை மறக்கப்பட்ட சிக்கல் என்று குறிப்பிட்டு எழுதினார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் கருச்சிதைவைக் கொண்டுவரக்கூடும்.

பழைய நோய், புதிய கவனம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எம்பிலிப்பிட்டியப் பகுதியில் காட்டுப் பயிற்சியிலிருந்த படையினரிடையே இந்தக் காய்ச்சல் பெருமளவில் கண்டறியப்பட்டது. 1948இல் கோலாலம்பூரில் ஜோசப் சிமடெல் குழுவினர் குளோரம்பெனிக்கோல் மருந்து இதைக் குணப்படுத்துவதைக் காட்டினார்கள். மருந்து கிடைத்ததும் உலகின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. நோய் மட்டும் போகவில்லை.

வட இலங்கையில் இந்த நோய் தலைதூக்குவதை நம்மவர்கள் நன்றாகவே பதிந்து வைத்திருக்கிறார்கள். யாழ் மருத்துவ பீடத்தையும் போதனா வைத்தியசாலையையும் சார்ந்த பிரதீபன், முருகானந்தன் ஆகியோரும் அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய கேதீசனும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு சான்று. அதே ஆண்டில் வடக்கில் நிலைகொண்டிருந்த படையினரிடையேயும் இத்தகைய தொற்று இருப்பதைப் பிரேமரத்ன குழுவினர் எழுதினார்கள். மலைநாட்டில் இதன் உறவு நோயான புள்ளிக் காய்ச்சல் மேலோங்கியிருக்க, நம் பக்கத்தில் பற்றைக் காட்டுக் காய்ச்சலே முன்னிற்கிறது.

ஏன் இங்கே? நம் நிலத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் இராணுவ உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் பல ஆண்டுகள் கிடந்தன. தோட்டமும் முற்றமும் பற்றையாயின. கிணற்றுக்குள் ஆல் முளைத்தது. காணி விடப்பட்டபோது மக்கள் கத்தியும் மண்வெட்டியுமாக அங்கே இறங்கினார்கள். சொந்த முற்றத்தைக் கண்ட மகிழ்ச்சியில் பற்றை வெட்டியவர்களுக்கு, அந்தப் பற்றைக்குள் உண்ணி காத்திருக்கலாம் என்று யார் சொல்லியிருப்பார்கள்? இன்னொரு வகைக் காணியும் உண்டு. உரிமையாளர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ இருக்க, இங்கே ஊருக்கு ஊர் வடலியும் ஈச்சையும் மண்டிக் கிடக்கும் வளவுகள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, வளவைத் துப்புரவு செய்துவிட்டுத் திரும்பும் உறவினர் ஒருவர் பத்தாம் நாள் ரொறன்ரோவில் காய்ச்சலோடு படுத்தால், அங்குள்ள வைத்தியருக்கு இந்த நோய் நினைவுக்கு வருவது அரிது. "யாழ்ப்பாணத்தில் பற்றை வெட்டினேன்" என்று அவரே சொல்ல வேண்டும்.

புறக்கணிப்பின் பட்டியலிலும் இல்லாத நோய்

உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் நோமா என்ற நோய் சேர்க்கப்பட்டதோடு அதில் 21 நோய்த் தொகுதிகளாயின. ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரைத் தாக்குவதாக மதிப்பிடப்படும் இந்தக் காய்ச்சல் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாததற்குப் பணம் வராது. பணம் வராததற்கு ஆய்வு நடக்காது. ஆய்வு இல்லாததை மாணவருக்கு யாரும் அழுத்திச் சொல்லிக் கொடுப்பதில்லை.

உண்மையான சுமையை அறிய நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இலண்டன் ஆய்வாளர்களும் இணைந்து தமிழ்நாட்டின் வடபகுதியில் 37 கிராமங்களில் ஏறத்தாழ 32,000 பேரை 2020 முதல் 2022 வரை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை தொற்றுக்குள்ளானார்கள். பெரும்பாலானோருக்குக் காய்ச்சலே வரவில்லை. ஆனால் காய்ச்சலோடு வைத்தியசாலையில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த நோயே காரணமாக இருந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் அதே மொழி, அதே ஆடு, அதே குழை. கணக்கெடுக்கப் போனவர்கள் நோயைக் கண்டார்கள். இங்கும் அத்தகைய கணக்கெடுப்பு கிராமம் கிராமமாக நடைபெற வேண்டும்.

இனங்காணல்: மூன்று படிகள்

முதற்படி, கேள்வி. கார்த்திகை முதல் மாசி வரை நம் குடாநாட்டில் பல காய்ச்சல்கள் ஒன்றாக வரும். டெங்கு வரும். வெள்ளத்தின் பின் எலிக்காய்ச்சல் வரும். 2024 நவம்பர் இறுதியின் பெருமழைக்குப் பிறகு டிசம்பரில் குடாநாட்டில் சில உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானபோது, ஊரே பதறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஈர மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிசும் இந்த வரிசையில் உண்டு. நீரிழிவுள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். இவற்றுக்குள் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வைப்பது தொழிலும் இடமும் பற்றிய கேள்விதான். புகையிலைத் தோட்டமா? ஆடு மாடு உண்டா? விறகு பொறுக்கினீர்களா? பனம்பழம் பொறுக்கினீர்களா? புதிதாகக் காணி துப்புரவு செய்தீர்களா? இந்தக் கேள்விகளுக்கு ஒரு நிமிடம் போதும்.

இரண்டாம் படி, பார்வை. பொருக்கு எல்லாரிலும் இருப்பதில்லை; தேடினால் மட்டுமே பலரில் கிடைக்கும். உண்ணி உடை இறுகும் இடத்தையும் தோல் மெலிந்த மடிப்பையும் நாடும். அக்குள், மார்பின் கீழ், கொப்பூழ், இடுப்புப் பட்டியின் கீழ், கவட்டு, முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஈரமான மடிப்பில் பொருக்கு உதிர்ந்து மஞ்சள் நிற ஆழமற்ற புண்ணாகத் தெரியும். ஆகவே கருமையை மட்டும் தேடுபவர் ஏமாறுவார். அருகே நெறி கட்டியிருந்தால் அதைத் தொடர்ந்து போய்த் தேடுங்கள்.

இங்கே நம் பண்பாடு குறுக்கே நிற்கிறது. நம் தாய்மார் ஆண் வைத்தியரிடம் அந்த இடங்களைக் காட்டக் கூச்சப்படுவார்கள். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் திரைச்சீலைகூட இருக்காது. கூச்சப்படுபவரைக் குறைசொல்லிப் பயனில்லை. திரை கட்டுவதும், பெண் தாதியரையும் மருத்துவமாதரையும் இந்தத் தேடலுக்குப் பயிற்றுவதும், ஏன் பார்க்கிறோம் என்று நோயாளருக்கு விளக்குவதும் நம் கடமை. உயர்ந்த கருவிகள் வாங்கும் செலவில் நூறில் ஒரு பங்கும் இதற்கு வேண்டாம்.

மூன்றாம் படி, ஆய்வுகூடம். 1916இல் வெயில், பீலிக்ஸ் என்ற இருவர் கண்ட பழைய பரிசோதனை இன்றும் பல இடங்களில் வழக்கில் உள்ளது. அது மலிவானது, ஆனால் நோய் இருந்தும் இல்லையென்று அடிக்கடி சொல்லிவிடும். நம்பத்தக்கது ஒளிரும் எதிர்ப்பொருள் பரிசோதனை. அதைச் செய்ய மாதிரியைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். முடிவு வரும்போது நோயாளர் ஒன்றில் வீட்டில் இருப்பார், அல்லது நம்மிடையே இருக்க மாட்டார். அதோடு முதல் ஐந்தாறு நாட்களில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகாது. ஆகவே தொடக்கத்தில் வரும் "இல்லை" என்ற விடையை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. இரண்டு வாரம் கழித்து இரண்டாம் மாதிரி எடுத்து, நான்கு மடங்கு உயர்வு உண்டா என்று பார்ப்பதே முறை. பொருக்கிலிருந்து எடுக்கும் துணுக்கை பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினால் முதல் வாரத்திலேயே விடை கிடைக்கும். வடமாகாணத்துக்குள்ளேயே இந்தப் பரிசோதனைகள் மாரி முழுவதும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பது என் முதற் கோரிக்கை.

சிகிச்சை: முடிவுக்குக் காத்திருக்காதீர்கள்

பெனிசிலின் குடும்ப மருந்துகளும், செபலோஸ்போரின் வகை ஊசிகளும் இந்தக் கிருமிக்கு எதிராகப் பயனற்றவை. கிருமி மனித உயிரணுவுக்குள் வாழ்கிறது. அந்த மருந்துகள் தாக்கும் சுவரும் அதனிடம் மற்றக் கிருமிகளில் இருப்பதுபோல் இல்லை. நம் கதையின் தாய் தின்ற அமொக்ஸிசிலின் அவருக்கு நாட்களைத்தான் இழக்க வைத்தது. உரிய மருந்து டொக்ஸிசைக்கிளின் குளிசை. பெரியவருக்கு நூறு மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு தரம், வழக்கமாக ஏழு நாள். மலிவான பழைய மருந்து. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. உரிய மருந்து தொடங்கினால் பெரும்பாலானோரில் இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கும். அந்த இறக்கமே நோயைக் காட்டும் ஒரு சாட்சி. மருந்தில்லாமல் விட்டால் இறப்பவர் ஏறத்தாழ நூறில் ஆறு பேர். உரிய மருந்து பெற்றவர்களில் அது ஒன்றரைக்கும் குறைவு. இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது சில ரூபாய்க் குளிசையும் ஒரு வைத்தியரின் நினைவும்தான்.

கடுமையான நோய்க்கு இப்போது புதிய வெளிச்சம் கிடைத்திருக்கிறது. வேலூரின் ஜோர்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு நிலையங்களில் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஏறத்தாழ எண்ணூறு கடும் நோயாளர் பங்கேற்றார்கள். டொக்ஸிசைக்கிளினையும் அசித்ரோமைசினையும் நாளம் வழியே சேர்த்துக் கொடுத்தவர்களில் இறப்பு, நீங்காத சிக்கல், தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர் 33 வீதம். ஒரு மருந்தை மட்டும் பெற்றவர்களில் அது 47, 48 வீதம். இறப்பை மட்டும் தனியே எடுத்தால் வேறுபாடு தெரியவில்லை. நன்மை பெரிதும் சிக்கல்கள் விரைவில் நீங்கியதில் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இந்த முடிவைத் தங்கள் வழிகாட்டிகளில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாளம் வழிக் கொடுக்கும் டொக்ஸிசைக்கிளின் ஆதார வைத்தியசாலைகளிலும் இருப்பில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று வந்த எல்லாருக்கும் டொக்ஸிசைக்கிளினை அள்ளிக் கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. டெங்குவுக்கு வேண்டியது நீரளவுக் கவனிப்பு. மெலியோய்டோசிசுக்கு வேறு மருந்து. மருந்து தொடங்குமுன் குருதியை வளர்ப்புக்கு அனுப்பியிருந்தால்தான் அது பிடிபடும். ஆனால் ஐந்து நாள் கடந்தும் காரணம் தெரியாத காய்ச்சல், பற்றையோடும் தோட்டத்தோடும் தொடர்பு, உயர்ந்த ஈரல் நொதிகள், குறைந்த குருதிச் சிறுதட்டுகள் ஆகியவை சேர்ந்து நின்றால், குருதி மாதிரியை எடுத்துவிட்டு அன்றைக்கே மருந்தைத் தொடங்குங்கள். இலேசான எலிக்காய்ச்சலுக்கும் அதே மருந்து உதவும் என்பது நமக்கு வாய்த்த நற்பேறு. பொருக்கைக் கண்டுவிட்டால் வேறெதற்கும் காத்திருக்க வேண்டாம்.

பதிவும் நிலமும்

டைபஸ் காய்ச்சல் இலங்கையில் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் எழுந்தவுடனே எச் 544 படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தனியார் சிகிச்சை நிலையங்களிலும் இது நடக்க வேண்டும். ஒரு படிவம் போனால் ஒரு பரிசோதகர் அந்த வீட்டுக்குப் போவார். அந்தப் பற்றை வரைபடத்தில் ஏறும். அடுத்த ஆண்டு அதே வேலியோரத்தில் இன்னொருவர் விழாமல் காக்கலாம். தடுப்பூசி கிடையாது. ஆகவே தோட்டத்தாலும் காட்டாலும் வந்தவுடன் உடம்பைத் தேய்த்துக் குளியுங்கள். உடையை மாற்றித் தோய்த்து வெயிலில் போடுங்கள். முழுக்கை, முழுக்கால் உடை அணியுங்கள். புல்லிலும் சருகிலும் நேரே இருக்கவோ படுக்கவோ வேண்டாம். ஒரு பாயையோ சாக்கையோ விரியுங்கள். வெளிநாட்டிலுள்ள உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வளவை ஆண்டுக்கொருமுறையாவது துப்புரவு செய்வியுங்கள். அது அயலாருக்குச் செய்யும் அறம்.

மொழி

இந்த மண்ணில் மருத்துவத்தைத் தமிழில் பேசிய மரபு ஒன்று உண்டு. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து நம் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். இரணவைத்தியம், வைத்தியாகரம் போன்ற பெரும் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அதற்கென்றே கலைச்சொற்களை உருவாக்கினார். நோயின் பெயர் மக்களின் வாயில் இருந்தால்தான் மருந்து அவர்கள் கைக்கு வரும் என்பதற்கு அவரது வாழ்வே பாடம். டெங்கு என்ற சொல்லை இன்று நம் சிறுபிள்ளையும் அறியும். உண்ணிக் காய்ச்சல் என்ற சொல்லும் அந்த அளவுக்குப் பரவ வேண்டும். பாடசாலைச் சுவரில், சனசமூக நிலையத்தில், விவசாயச் சங்கத்தில், கோயில் வாசலில் அந்தப் பொருக்கின் படம் தொங்க வேண்டும். தன் உடம்பில் அதைக் கண்ட ஒரு தோட்டக்காரர், வைத்தியர் கேட்குமுன்பே "ஐயா, இதைப் பாருங்கோ" என்று காட்ட வேண்டும்.

மலேரியாவை இந்த நாடு ஒழித்தது. 2016இல் உலகம் அதை ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு காய்ச்சல்காரரையும் விடாமல் தேடிச் சோதித்தது அந்த வெற்றியின் இரகசியங்களில் ஒன்று. சிற்றுண்ணியை நாம் ஒழிக்க முடியாது. ஆனால் அது தரும் காய்ச்சலால் ஒருவரும் இறக்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.

அன்பு மாணவர்களே, நாளைக்கு நீங்கள் விடுதிக்குள் போகும்போது, ஐந்து நாள் காய்ச்சலோடு ஒரு தாய் படுத்திருப்பார். அவர் தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். திரையை இழுத்துவிட்டு, அவர் சம்மதத்தோடு, அக்குளைப் பாருங்கள். பொருக்கு இருந்தால் அன்றைக்கே மருந்தைக் கொடுங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் இந்த நோயை மறந்துவிடாதீர்கள்.